அறுபது நொடி, எஃப் பதினொன்று

இந்த விசாரணை அறையில் ட்யூப் லைட்டை நேர் உச்சியில் மாட்டியிருக்கிறார்கள் மேடம். இப்படி மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் கண்ணுக்குக் கீழே குழி தெரியும், மூக்கின் நிழல் வாய்வரை இறங்கும். பெற்ற தாயைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் குற்றவாளி மாதிரிதான் இருப்பார். மேஜைமேல் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரைப் போட்டால் போதும், வெளிச்சம் எதிரொளித்து முகம் தெளிந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததும் தோன்றியது.

என் பெயர் பிச்சமுத்து. வயது ஐம்பத்தொன்பது. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தேன். இப்போது திருச்சி ஒளிக்கலை மன்றத்தின் நிறுவனர்-தலைவர். எழுதிக்கொள்ளும்போது நடுவில் அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிடாதீர்கள், இரண்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் பட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அகில உலக நிழற்பட வல்லுநர் பேரவை என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைமையகம் எந்த நாட்டில் என்று எங்கள் மன்றத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கடிதம் மட்டும் ஒழுங்காக வரும். அவர்கள் அங்கீகரித்த போட்டிகளில் நாற்பது படங்கள் தேர்வானால் ‘பெருவித்தகர்’ என்று பட்டம் தருவார்கள். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து போட்டுக்கொள்ளலாம். பிச்சமுத்து என்று பெயர் வைக்கப்பட்ட மனிதனுக்கு அந்த நாலு எழுத்து எவ்வளவு அவசியம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் பார்க்கிறவன் முன்னால் இருப்பதை மறந்துவிடுவான்.

பதினொரு வருஷம் படம் அனுப்பினேன். இந்த பிப்ரவரியில் நாற்பது ஆனது. தில்லைநகரில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா நடந்தது. ‘காவிரி கண்ட கேமரா’ என்று மூன்று இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஏழு பொன்னாடை. எல்லாம் ஒரே கடையில் வாங்கியது, ஒரே நிறம். விசிட்டிங் கார்டு அடித்தேன். மகள் கல்யாணம் செப்டம்பரில், பத்திரிகையிலும் நாலு எழுத்தைச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. என்னுடைய ‘விடியல்’ என்ற படமும் ‘நம்பிக்கை’ என்ற படமும் ஒரே படம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஆற்றில் ஒருவர் வலை வீசுகிறார். ஒரே வலை, ஒரே வீச்சு, ஒரே சூரியன். அனுப்பிய எனக்கே அதுவரை தெரியவில்லை. ஆகவே என் கணக்கு முப்பத்தொன்பது. ஆகஸ்ட் முடிவதற்குள் இன்னும் ஒரு படம் தேர்வாக வேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, மனைவியிடம்கூட. ஏப்ரலிலிருந்து ஜூலைவரை இருபத்திரண்டு படம் அனுப்பினேன். இருபத்திரண்டும் திரும்பி வந்தன. சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்து இறங்கியபோது அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். மகளைப் பிரியப்போவதை நினைத்து அப்பா அழுகிறார் என்று வீட்டில் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

மன்றத்தின் செயலாளர் அருள்ராஜ், பல் டாக்டர். மூன்றே வருஷத்தில் பட்டம் வாங்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது கேட்டார்:

“முத்து சார், பேரவையோட லிஸ்ட்டு செப்டம்பர்ல வருதாமே? வந்ததும் உங்க பேரைப் பெருசா பிரிண்ட் போட்டு மன்றத்துல மாட்டிடுவோம். பேரு இருக்கும்ல?”

“இருக்காம எங்க போகப்போவுது டாக்டர்?”

“இல்ல சார், சும்மா கேட்டேன்.”

வலிக்காமல் ஊசி போடுவதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு.

வெள்ளைச்சாமியைப் பற்றி இனிமேல் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் வலை வீசி மீன் பிடிப்பவர். ஐம்பது வயது இருக்கும். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்கள் மன்றத்துக்காக வலை வீசினார். அந்த நேரத்தில் அங்கே மீன் கிடையாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஷட்டரை நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தால் வலை விரிந்தபடி வானத்தில் அப்படியே நிற்கும், சொட்டும் நீர்த்துளி முத்து முத்தாக உறையும். பின்னால் சூரியன். ஆள் வெறும் கறுப்பு உருவம். மன்றத்தில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள், அதில் முப்பத்தெட்டுப் பேரிடம் அந்தப் படம் இருக்கிறது. தலைப்புதான் மாறும். எங்களோடு பழகி அவருக்கே பாஷை பிடிபட்டுவிட்டது. “ரெண்டாயிரத்துல வைங்க சார், இன்னிக்கி ஈரக்காத்து, வலை வேகமா போவும்” என்பார்.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எம் மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். எம் பொண்ணு காலேசு படிக்குது. அப்பா போட்டோ காட்டுன்னா, ஒரு கறுப்பு உருவத்தக் காட்டுது.” எல்லோரும் சரி என்றோம். ஆறு வருஷத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. முகம் தெரிந்தால் அது படம் இல்லை, போட்டோ என்பது எங்கள் கருத்து.

வலை இனி எடுபடாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் இந்த யோசனை வந்தது. ஷட்டரை வேகமாக மூடாமல் அறுபது நொடி திறந்து வைத்தால் என்ன? லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் பகல் வெளிச்சத்திலும் வைக்கலாம். ஓடுவது எல்லாம் கரைந்துவிடும். நிற்பது மட்டும் பதியும். ஆறு முழுக்கப் பால் மாதிரி, புகை மாதிரி ஓட, நடுவில் ஒரு மனிதன் கல்லாக நிற்கிறான். ‘உறுதி’ என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். எங்கள் வழக்கம் அது, தலைப்புதான் முதலில் வரும்.

ஒரே ஒரு சிக்கல். கொள்ளிடத்தில் ஓட்டம் இல்லை. மணலும், நடுவில் கணுக்கால் தண்ணீரும்தான். தேங்கிய தண்ணீரை அறுபது நொடி எடுத்தாலும் தேங்கிய தண்ணீர்தான்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி மாலை எல்லோருக்கும் வந்த மாதிரி எனக்கும் ஃபோனில் அறிவிப்பு வந்தது. மேட்டூர் நிரம்பிவிட்டது, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரி நீர் அதிகாலை நாலு மணிக்குத் திறக்கப்படும், கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். கன அடியும் போட்டிருந்தார்கள். போன வருஷங்களில் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று என்னிடம் குறிப்பு இருந்தது. ஏழு மணிக்கு முன்னால் ஸ்ரீரங்கம் வந்துவிடும். கடைசிப் போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் பத்தாம் தேதி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வெள்ளைச்சாமிக்கு ஃபோன் செய்தேன். நாளைக்கு முகம் தெரிகிற மாதிரி எடுக்கிறேன், வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள் என்றேன்.

எட்டாம் தேதி ஆறேகாலுக்கெல்லாம் பஞ்சக்கரைப் பக்கம் பாழடைந்த ஒரு படித்துறையில் ட்ரைபாடை நிறுத்திவிட்டேன். தண்ணீர் வந்தாலும் கேமரா அசையக்கூடாது என்பதற்காக, படியில் இருந்த இரும்பு வளையத்தோடு அதை நைலான் கயிற்றால் கட்டினேன். எங்கும் பாதுகாப்புதான் முக்கியம்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

“என்ன சார், ஒத்தையா வந்திருக்கீங்க? ஜமா எங்க?”

“இன்னிக்கி உங்களுக்கு மட்டும்தான் படம், வெள்ளைச்சாமி.”

“எத்தனையில சார்? ரெண்டாயிரமா?”

“அறுபது செகண்ட்.”

அவர் சிரித்தார். “அறுபது செகண்டா? அதுக்குள்ள நான் ரெண்டு வாட்டி வலையை வீசி, மீன ஆஞ்சி, கொழம்பே வச்சிருவேனே.”

“வலை வேணாம். சும்மா நிக்கணும். அசையவே கூடாது.”

“சும்மா நிக்கிறதுக்கா இம்புட்டு ஜோடனை? எங்க வீட்ல கேக்குது, இந்த வயசுல எவளப் பாக்கப் போறீகன்னு. போட்டோவக் கையில குடுத்துச் சொல்லிக்கலாம்னு நான் வாயத் தொறக்கல.” பிறகு மேற்கே பார்த்தார். “ஏன் சார், மேல தண்ணி தொறக்குறாங்களாமே? டீக்கடையில பேசிக்கிட்டாங்க.”

“அது நாளைக்கு. எனக்கு மெசேஜ் வந்திருக்கு.”

“அப்ப சரி.”

அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். பெரிய ஃபோனில் வந்ததென்றால் அவருக்குச் சந்தேகம் கிடையாது. நான் சொன்ன தேதியில் ஒரு நாள் பிழை இருந்தது, அவ்வளவுதான். மற்ற விவரங்கள் எல்லாம் சரி.

முப்பதடி தள்ளி ஒரு மணல் திட்டில் நிறுத்தினேன். ஆறே முக்காலுக்கு முதலில் நுரை வந்தது, பிறகு சருகும் ப்ளாஸ்டிக் டம்ளரும். வேண்டாத பொருள்கள்தான், ஆனால் அறுபது நொடியில் எல்லாம் கரைந்துவிடும் என்று தெரியும். பிறகு ஓட்டம் வந்தது. அவர் குனிந்து பார்த்தார், திறப்பது நாளைக்குத்தானே என்று நின்றுகொண்டார். மேகம் மூடிய வானம், மென்மையான வெளிச்சம். பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஷட்டரைத் திறந்தேன்.

அறுபது நொடி என்றால் கேமரா தானாக மூடாது. ஒயரில் ஒரு பொத்தான் இருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி இருக்க வேண்டும். விரலை எடுத்தால் மூடிவிடும்.

பத்தாவது நொடியில், “சார், தண்ணி ஏறுது” என்றார்.

இருபத்தைந்தில் தொடைக்கு வந்துவிட்டது. “சார், காலுக்கடியில மண்ணு போவுது.”

“அசையாதீங்க. மூஞ்சி தெரியணும்ல?”

அவர் நின்றார். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, நாற்பத்தொரு நொடி அசையாமல் நின்றார். அவ்வளவு ஒத்துழைப்பை நான் எந்த மாடலிடமும் கண்டதில்லை. நாற்பத்தொன்றுக்கு மேல் அவர் அங்கே இல்லை.

விரலை எடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எடுத்திருந்தால் வெளிச்சம் அரை ஸ்டாப், அதாவது மூன்றில் ஒரு பங்கு, குறைந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் எடுக்கும்போதே சரியாக எடு, பிறகு திருத்தாதே என்று மன்றத்தில் வகுப்பு எடுப்பவன் நான். அறுபதுவரை எண்ணினேன்.

இரண்டு நாள் கழித்து கிழக்கே நாணலில் அவரைக் கண்டெடுத்தார்கள். வெள்ளத்தில் வலையெடுக்கப் போய்த் தவறி விழுந்தார் என்று முடிவானது. நான் மாலையோடு போனேன். அவர் மனைவி பவுனம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கல்லாம் அன்னிக்கி வந்திருந்தாகூட ஒரு சத்தம் குடுத்திருப்பீங்களே சார்” என்றார். ஆடி பிறந்ததிலிருந்து ஆற்றுப்பக்கமே நான் வரவில்லை என்று சொன்னேன். மன்றத்தில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம். ஒரு நிமிடம் மௌனம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இருபத்து மூன்றாவது நொடியில் அருள்ராஜ் தொண்டையைக் கனைக்க எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களால் அவ்வளவுதான் நிற்க முடிந்தது.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நினைத்த மாதிரி வரவில்லை, அதைவிட நன்றாக வந்தது. மூன்றில் இரண்டு பங்கு நேரம் நின்ற மனிதன் கண்ணாடி மாதிரி பதிவான். வெள்ளைச் சட்டை நன்றாகப் பதிந்தது, அது பளிச்சென்ற பொருள். முகம் பதியவில்லை. கறுத்த தோல், அவர் போன பிறகு ஓடிய வெள்ளை நீர் அதை அழித்துவிட்டது. ஆகவே பால் ஆற்றின் நடுவில் முகமில்லாத ஒரு சட்டை நிற்கிறது, அதன் வழியாக அக்கரை தெரிகிறது. தலைப்பை ‘நிலையாமை’ என்று மாற்றி அனுப்பினேன். தங்கப் பதக்கம். மனித வாழ்வின் நிலையற்ற தன்மையை இவ்வளவு மென்மையாக யாரும் சொன்னதில்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். நாற்பது ஆகிவிட்டது. கல்யாணம் பத்திரிகையில் அச்சடித்தபடியே நடந்தது.

மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சி அதற்கு அடுத்த வாரம். வெள்ளைச்சாமி குடும்பத்தை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது என்பது அருள்ராஜின் யோசனை. பவுனம்மாளும் மகள் கனிஷ்காவும் வந்தார்கள். பவுனம்மாள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எல்லாத்துலயும் கறுப்பாவே நிக்கிறாரே. வீட்ல இம்புட்டுக் கறுப்பு கெடையாது.”

“அது கலைங்கம்மா. லைட்டு பின்னாடி இருக்கும்” என்று அருள்ராஜ் விளக்கினார்.

“முன்னாடி வச்சா என்னவாம்?”

அருள்ராஜ் பொன்னாடையைப் பிரிக்கத் தொடங்கினார். அதற்குள் அந்த அம்மா என் படத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“கனிஷ்கா, இங்க வா. இந்தச் சட்டையப் பாரு. பையில நீலப் பட்டி.”

“நான் தைச்சதும்மா.”

“அன்னிக்கித்தானடி மொத வாட்டி போட்டாரு.”

எங்கள் கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு அட்டை இருக்கும். ஷட்டர் எத்தனை நொடி, லென்ஸின் துளை எத்தனை எஃப், எடுத்த தேதி, நேரம். நான் கொண்டுவந்த விதி. நவநீதன் என்று ஓர் உறுப்பினர் இரண்டு நொடியில் எடுத்த தெப்பத் திருவிழாப் படத்துக்கு நாலு நொடி என்று எழுதினார். கூட்டத்தில் எழுந்து நிற்கவைத்து நீக்கினேன். ஒளியில் பொய் சொல்பவன் எதிலும் பொய் சொல்வான் என்று அப்போது பேசினேன், கைதட்டினார்கள்.

கனிஷ்கா குனிந்து அட்டையை வாசித்தாள். “அறுபது நொடி, எஃப் பதினொன்று. ஆகஸ்ட் எட்டு. காலைல ஆறு அம்பத்திரண்டும்மா.”

பவுனம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆடி பொறந்ததுலேருந்து ஆத்துப்பக்கமே வரலன்னு சொன்னீங்களே சார்?”

அருள்ராஜ் பொன்னாடையைப் பாதி விரித்தபடி நின்றார். “பிச்சமுத்து சார்” என்றார். அவர் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

தேதியை மாற்றி எழுதியிருக்கலாமே, யாருக்குத் தெரியும் என்று உங்கள் ஏட்டய்யாகூடக் கேட்டார். அவருக்குப் புரியாது. அட்டையில் பொய் எழுதுகிற ஆள் இல்லை நான்.

கடைசியாக, ஷட்டரை மூடிய பிறகு வந்த அந்த இரண்டாவது நிமிடம். உங்கள் துறையின் புகைப்படக்காரர் என் கேமராவைப் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கறை விழும். அதைத் துடைக்க, ஷட்டரை மூடிக்கொண்டு கேமரா இன்னும் அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கேமராவை ஆட்டலாம், தூக்கலாம், படத்துக்கு ஒரு சேதமும் வராது. வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதுதான்.

அந்த நிமிடத்தில் வெள்ளைச்சாமி எனக்குக் கிழக்கே இருபத்தைந்தடி தூரத்தில் இருந்தார். சாய்ந்து கிடந்த ஒரு கருவேலக் கிளையை ஒரு கையால் பிடித்திருந்தார். படத்தின் எல்லைக்கு வெளியே.

“சார், அந்தக் கயித்த வீசுங்க சார்” என்றார்.

ஆறு வருஷமாக எங்களுக்காக வீசியவர் என்னை வீசச் சொன்னது அதுதான் முதல் தடவை. ட்ரைபாடைக் கட்டியிருந்த கயிறு நாற்பதடி. முடிச்சு இரண்டு. அவிழ்க்கப் பத்து நொடி ஆகும். சார், சார் என்று ஏழெட்டுத் தடவை கூப்பிட்டார், கோபமாக இல்லை, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துத்தான். எனக்குக் கேட்டது. நான் கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருட்டாக இருந்தது. பிறகு படம் வந்தது. வெளிச்சம் சரியாக இருந்தது, ஓட்டம் சரியாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், படம் விழுந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒருவன் எப்படி மேடம் அந்த இடத்தை விட்டு நகர முடியும்?